நடுவில் ஒரு கடற்காகம்

வலையில் விழுந்த பறவைகள் எல்லாம் அன்றைக்குத் தப்பான பக்கம் தொங்கின.

வேறு யாராவது பார்த்திருந்தால் அதில் என்ன தப்பு என்று கேட்டிருப்பார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கும் கீழே இருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், புதர்களை ஒட்டி இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய வலை அது. தலைமுடி போல மெல்லிய கறுப்பு நூல். பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பறந்து வந்து மோதும் பறவை வலையையும் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பைக்குள் கிடப்பதுபோலத் தொங்கிவிடும். அது தொங்கும் பக்கத்தைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இலையுதிர் காலத்து மாலைகளில், வலசை வந்த பறவைகள் முனையிலிருந்து இறங்கித் துறைமுகத்து மரங்களுக்கு அடையப் போகும். இத்தனை வருஷமாக அவள் பார்த்தது அதைத்தான். இன்றைக்கு ஒன்று விடாமல் எல்லாம் துறைமுகத்திலிருந்து மேலே வந்து விழுந்திருந்தன.

அடையப் போக வேண்டிய இடத்தைவிட்டு எதற்கு ஓடி வருகின்றன? பூனை கீனை வந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். முதலில் கால், பிறகு வயிறு, இறக்கை, கடைசியில் தலை. அவசரப்பட்டால் இறக்கை முறிந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கிய கதிர்க்குருவியின் நெஞ்சு அவள் விரலுக்கு அடியில் படபடவென்று அடித்தது. எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்கு வைக்க, காலில் எண் பொறித்த சின்ன உலோக வளையத்தை மாட்டி, எடை பார்த்து, கையை விரித்தாள். அதுவும் துறைமுகத்துப் பக்கம் போகவில்லை.

புதருக்குள் ஒலிபெருக்கி கூவிக்கொண்டிருந்தது. கதிர்க்குருவியின் குரலைத் திரும்பத் திரும்பப் போடும் சின்னக் கருவி. கடல் தாண்டிக் களைத்து வரும் குருவி, தன் இனம் கீழே பத்திரமாக இருக்கிறது என்று நம்பி இறங்கும். இறங்குகிற வழியில் வலை. அந்தக் குரலைப் பதிவு செய்தவர் அவள் கணவர். பதிவின் நடுவில் எங்கேயோ ஒரு நாய் குரைக்கும். நாய்க்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும், பாதிக் குருவி அதைக் கேட்டுத்தான் வருகிறது என்று அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை சொல்வது போலச் சிரிப்பார். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே நாய்தான் குரைக்கும். மனுஷன் காது இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடும், இது உயிரோடு இருக்கும் குரல் இல்லை என்று. குருவிக்கு அது தெரியாது.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்கும் இதே போலப் பனி இறங்கியிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மீசை கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்றார். மீசை என்பவர் அவருடைய பழைய சிநேகிதர். இவர்களோடு இருந்து பறவை பார்த்தவர், அதற்கும் முந்தின வருஷம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரிலிருந்து தவறிக் கடலில் போனவர். டீ வாசனை வந்தால் செத்தாலும் வருவார் உங்கள் மீசை என்று அவள் கிண்டல் பண்ணினாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்ப் பக்கமிருந்து அவளைக் கூப்பிட்டார். அவள் கையில் பறவை இருந்தது. இருங்க, வர்றேன் என்று கத்திவிட்டு, அதை விடுவித்த பிறகுதான் இறங்கிப் போனாள். சுவரில் யாரும் இல்லை. படகுகள் தேடின, முக்குளிப்பவர்கள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

எரிக்கவோ புதைக்கவோ ஒன்றும் இல்லாமல் ஒரு மனுஷனை எப்படி அனுப்பி வைப்பது? அவள் அனுப்பவில்லை. மகள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், முனையில் இருந்த அந்த ஒற்றை அறைக் குடிசையிலேயே தங்கிவிட்டாள். வலை கட்டினாள், வளையம் மாட்டினாள், ராத்திரியானால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ் என்று மகள் போனில் அழுதாள். கடைசியில் இன்றைக்கு மத்தியானம் நேராகக் காரை எடுத்துக்கொண்டு வந்தே விட்டாள். இந்த ஒரு நாள் மட்டும் வலை போட்டுக்கொள்கிறேன், நாளைக் காலையில் உன்னோடு வந்துவிடுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மனசாரத்தான் கொடுத்தாள்.

கடலிலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் அலைதடுப்புச் சுவரின் முனையில் இருக்கும் பச்சை விளக்கு மங்கியது, பிறகு கிரேன், பிறகு மீன் ஏலக் கூடத்தின் தகரக் கூரை. கீழே படகுகளுக்கு டீசல் போடுகிறவர் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை இரும்பால் தட்டத் தொடங்கினார். பனி இறங்கினால் இந்தத் துறைமுகத்தில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. படகுகளுக்கு இரும்பைத் தட்டித்தான் கரையைக் காட்டுவார்கள். பனியில் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது, அதனால்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அவர்களும் வேறு காரணம் சொன்னதில்லை.

பனியில் வலையைத் திறந்து வைக்கக் கூடாது. கடைசிக் குருவியையும் விடுவித்து, வலையைச் சுருட்டிக் கட்டி, ஒலிபெருக்கியை அணைத்தாள். நாள் முழுக்கக் காதில் ஓடிய சத்தம் நின்றதும் புதரிலிருந்து நீர் சொட்டுவதும், கீழே பாறையில் அலை நக்குவதும், தன் ஸ்வெட்டரின் ஈரக் கம்பளி வாசனையும்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டு இரும்புத் தட்டலுக்கு நடுவே வந்த அமைதியில், சுவர்ப் பக்கமிருந்து அவர் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரேன்."

நடுவில் ஒரு கடற்காகம் கத்தியது.

"சீக்கிரம் வா."

அவள் உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. பயம் அப்புறம்தான் வந்தது. கால் தானாக இரண்டு எட்டு வைத்துவிட்டது. இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள், சாப்பிட்டீர்களா, எவ்வளவு இளைத்திருப்பீர்கள் என்று மனசு அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. 'ஏய்' என்பதை லேசாக இழுத்து, 'பாரேன்' என்பதில் குரலை உயர்த்தி, ஏதாவது அபூர்வமான பறவையைப் பார்த்துவிட்டால் சின்னப் பையன் போலத் தாங்க முடியாமல் கூப்பிடுவாரே, அதே குரல்.

"ஏய், இங்க வந்து பாரேன்."

கடற்காகம் கத்தியது.

"சீக்கிரம் வா."

அவள் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மறுபடியும் வந்தது. 'பாரேன்' முடிந்ததும் ஒரு சின்ன இருமல். அதன் மேலேயே கடற்காகம். தொண்டை கிழிந்தது போல முதலில் நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக ஒன்று. கல்லில் அலை அறையும் சத்தம். அப்புறம் 'சீக்கிரம் வா'. நாலாவது தரமும் அதே இருமல், அதே காகம், அதே அலை. இந்தப் பனியில் எந்தக் கடற்காகமும் பறக்கவில்லை. கத்தியது போன வருஷத்துக் காகம். அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது கத்தியது.

அவளுக்கு இது தெரியும். இதுதானே அவள் தொழில்.

குடிசைக்கு ஓடி வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து, சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தண்டவாளச் சத்தம் தலையைப் பிளக்கிறது என்று காதில் பெரிய ஹெட்போனை மாட்டியிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கழற்றினாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல. குளிர்."

ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் அவளும் காது கொடுத்துக் கேட்பாள். மகள் எழுந்து வந்து, ஈர ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, தன் சிவப்பு ஜாக்கெட்டை அம்மாவின் தோளில் போட்டாள். அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலையில கண்டிப்பா வருவ இல்ல?"

"வர்றேன்னு சொன்னேன் இல்ல."

"அப்பா போனப்போ எனக்கு நீ இருந்த. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரும்மா இருக்கா?"

அவள் மகளின் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். இவளுக்காக இருக்க வேண்டும், நாளைக்கு இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும், இனி திரும்பிப் பார்க்கவே கூடாது என்று உறுதியாக நினைத்தாள். வண்டி ஓட்டி வந்த களைப்பில் மகள் சீக்கிரமே சுருண்டு படுத்தாள், ஹெட்போனோடு. வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பனி பாலாடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இருமல், காகம், அலை. இருமல், காகம், அலை. போகமாட்டேன். குருவிதான் ஏமாறும். நான் குருவி இல்லை.

பிறகு குரல் நின்றது.

தப்பித்தோம் என்று அவள் கையை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது: ஒரு குரலுக்குப் பறவை இறங்காவிட்டால், அவளும் அவரும்கூட குரலை மாற்றித்தான் போடுவார்கள். முதலில் சாதாரணக் கூவல். அதற்கு மசியாவிட்டால், மாட்டிக்கொண்ட பறவையின் அலறல். அதற்கு வராத ஜோடிப்பறவையை அவள் பார்த்ததில்லை.

"கை வழுக்குது."

மூச்சு வாங்கும் சத்தம். ஏதோ இரும்பை நகம் பிறாண்டும் சத்தம்.

"கை வழுக்குதுடி. நீ எங்க இருக்க?"

இதை அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. அவள் கையில் பறவை இருந்தபோது, வளையத்தை மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் இதைச் சொல்லியிருக்கிறார். பிழைக்க வைக்கச் சொல்லி யாரையும் கெஞ்சத் தெரியாத மனுஷன். மாத்திரையைக்கூட அவள் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார். எங்கே இருக்க, எங்கே இருக்க என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். அவள் மேலே நின்று, இருங்க வர்றேன் என்றிருக்கிறாள்.

"நீ எங்க இருக்க?"

ஒவ்வொரு சுற்றிலும் அதே மூச்சு. அதே பிறாண்டல். பொய்தான் என்று தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஏதோ ஒன்று பிடித்துவைத்துப் போட்டாலும் அது அவர் குரல்தான். ஒருகாலத்தில் அவர் தொண்டையிலிருந்துதான் வந்திருக்கிறது. அதற்கு ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். சுவர் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும்தான். ஒரு வார்த்தை. மனசு கேட்கவில்லை. மகளின் போர்வையை இழுத்துவிட்டாள், நெற்றியைத் தொட்டாள். சத்தம் போடாமல் தாழைத் திறந்தாள்.

பாதை ஈரமாக இருந்தது. டீசல் வாடையும் அழுகிய கடற்பாசி வாடையும் பனியோடு கலந்து தொண்டையில் இறங்கின. ஏலக் கூடத்தைத் தாண்டும்போது தண்டவாளச் சத்தம் நின்றுபோனது. டீசல்காரர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சுவர் ஆரம்பிக்கிற இடம் வந்தது. அங்கே நின்றுவிடத்தான் நினைத்தாள். இங்கிருந்து சொன்னால் அவருக்குக் கேட்குமோ என்னமோ என்று இன்னும் கொஞ்சம் போனாள். இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று அவர் அடிக்கடி சொல்வார். இன்னும் கொஞ்சம் போனாள்.

பச்சை விளக்கு. அதன் கீழே இரும்பு ஏணி. அதற்கப்பால் வெறும் வெள்ளை.

"நீ எங்க இருக்க?"

"என்னங்க," என்றாள். "நான் வந்துட்டேன்." அழுகையில் ஒரு விக்கல் வந்தது. "இங்கதான் இருக்கேன்."

குரல் நின்றது.

பாதி மூச்சில் நின்றது. குருவி இறங்குவதைக் கண்டதும் அவள் கை தானாகப் போய் ஒலிபெருக்கியின் பொத்தானை அமுக்கும். அப்படி நின்றது.

திரும்பினாள். முகத்தில் ஏதோ ஒட்டியது. சிலந்திக்கூடு போல. கையால் விலக்கினாள். கை வரவில்லை. மற்றக் கையைத் தூக்கினாள். அதுவும் மாட்டியது. நூல் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அசைய அசைய இறுகியது. அசையாதே, அசையாதே என்று எத்தனை குருவிகளிடம் சொல்லியிருக்கிறாள். கால் கல்லைவிட்டு எழும்பியது. சுவரைத் தாண்டி, தண்ணீருக்கு மேலே, மெதுவாக, பைக்குள் விழுவது போல விழுந்தாள்.

தொங்கினாள்.

கீழே கடல். பக்கத்தில் ஒருவர் தொங்கினார். மீசை நனைந்து உதட்டோடு ஒட்டியிருந்தது. அவருக்கு அப்பால் யார் யாரோ, பனிக்குள் வரிசையாக. ரப்பர் பூட்ஸ். ஒரு மழைக்கோட்டு. இந்தப் பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், அவர்.

சாகவில்லை. கெடவும் இல்லை. போன வருஷம் போட்டுக்கொண்டு போன அதே சட்டை. சட்டைக்கு அடியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு வருஷமும் அடித்திருக்கிறது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. அவளை அடையாளம் தெரிந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உதடு ஓயாமல் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் அந்த உதட்டைப் படித்தாள்.

வராதே. வராதே. வராதே.

அவளைக் கூப்பிட்டது அவர் இல்லை. அவரிடமிருந்து பிடித்துவைத்த குரல். "என்னங்க," என்று அவள் சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை. நூல் அதையும் எடுத்துக்கொண்டது.

அப்போது மேலே, பச்சை விளக்குக்கும் மேலே, எங்கிருந்தோ ஒரு பெண்பிள்ளை பேசினாள்.

"நான் வந்துட்டேன்."

ஒரு விக்கல்.

"இங்கதான் இருக்கேன்."

குரல் முனையைப் பார்த்துப் போனது. குடிசையைப் பார்த்து. மறுபடியும் அதே வார்த்தை. மறுபடியும் அதே இடத்தில் விக்கல். ஹெட்போன் போட்டிருக்கிறாள், கேட்காது, கேட்காது. தூங்குகிறாள். களைத்துப்போய் வந்தவள். கேட்காது.

மேலே பனிக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

சின்ன வெளிச்சம். டார்ச். அது குடிசை வாசலில் நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது.

"அம்மா?"

"இங்கதான் இருக்கேன்," என்றது அவள் குரல்.

அவள் கத்தினாள். உள்ளே இருந்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். வராதேடி, என் தங்கமே, அது நான் இல்லை. நெஞ்சு கிழிந்தது, காற்றுகூட அசையவில்லை. வெளிச்சம் பாதையில் இறங்கியது. ஏலக் கூடத்தைத் தாண்டியது. சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் தயங்கி நின்றது.

"அம்மா, எங்க இருக்க? வந்துட்டேம்மா."

அவள் அவரைப் பார்த்தாள். அவரும் அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைவதை நிறுத்தியிருந்தது. வெளிச்சம் சுவரில் ஏறி அவர்களை நோக்கி வரத் தொடங்கியபோது, ஒரு வருஷமாகத் திறந்தே இருந்த கண்களை அவர் இறுக மூடிக்கொண்டார்.